அறுநூற்றுப் பதினெட்டு கிராம்

பீன்யா இரண்டாம் ஸ்டேஜில்
நாலாவது கிராஸ் முட்டி நிற்கும் இடத்தில்
எங்கள் தராசு இருக்கிறது.
லாரியின் விலாவிலிருந்து கழற்றிய உருளையை
முதலில் அதன்மேல்தான் ஏற்றுவோம்.
இருபத்தொரு கிலோ எண்ணூற்று நாற்பது.
நோட்டில் எழுதுவதும் என் வேலை.

பெரியண்ணனின் வண்டி. திருச்செங்கோட்டுப் பதிவு.
ஆரஞ்சு விளக்கு எரிந்து மூன்று நாளாம்.
"வெறும் வண்டிங்க,
சினை எருமையாட்டம் மூச்சு வாங்குது" என்றார்.

நெடுஞ்சாலையில் நீளமாக ஓடினால்
தன் கரியைத் தானே எரித்துக்கொள்ளும்.
இவர் ஓட்டுவதோ
நெலமங்களாவுக்கும் ஒயிட்ஃபீல்டுக்கும் நடுவே.
கொரகுண்டேபாளையா சிக்னலில்
முதல் கியர், நியூட்ரல், முதல் கியர்,
நியூட்ரல்.
சூடேறாத குழாய்க்குள்
ஊரின் தாமதமெல்லாம் கரியாக இறங்கி
உட்கார்ந்துவிட்டது.

ஓனர் போனில் பேசுவது
ஸ்பீக்கர் போடாமலே எங்களுக்கும் கேட்டது:
"உள்ள இருக்கறத இடிச்சு எடுக்கச் சொல்லுய்யா.
வெறுங்குழாயா ஓடட்டும்.
வெளக்க லேப்டாப்புல அணைச்சுக்கலாம்."

இடித்திருக்கிறேன்.
போன ஆடியில், ருத்ரேஷ் சார் ஊரில் இல்லாத ஒரு ஞாயிறு.
கடப்பாரைக்குப் பன்னிரண்டு நிமிடம்.
தேனடை போல இருந்தது
பல்பொடியாகக் கொட்டியது.
நாலாயிரம் ரூபாய்.
சீட்டுப் பணம் கட்டியது போக
பிரியாணிக்கும் மிஞ்சியது.
நோட்டில் 'முன்' என்ற கட்டத்தை நிரப்பினேன்.
'பின்' இன்னும் காலி.

பத்து நாள் கழித்து
ஜாலஹள்ளி கிராஸில் அதே வண்டி, என் ஸ்கூட்டிக்கு முன்னால்.
பின்னால் உட்கார்ந்திருந்த மகள்
டையைத் தூக்கி மூக்கை மூடிக்கொண்டு கேட்டாள்:
"அப்பா, இது உங்க கடைக்கு வந்த வண்டியா?"
இல்லை என்றேன்.
வந்திருந்தால் இப்படிப் புகையுமா
என்று வேறு சேர்த்துச் சொன்னேன்.

பெரியண்ணன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு, "டவர் கிடைக்கலன்னு சொல்லிக்கறேன்,
நீங்க ஆக வேண்டியதப் பாருங்க" என்று அணைத்துவிட்டு
கேபினில் ஏறிக் குப்புறப் படுத்தார்.

அறுநூறு டிகிரி.
மெல்ல ஏற்ற வேண்டும்,
அதைவிட மெல்ல இறக்க வேண்டும்.
அவசரப்பட்டால் பீங்கான் விரியும்.
கரி எரிந்துவிடும்; சாம்பல் எரியாது.
எரியாததை
காற்றால்தான் வெளியே அழைக்க வேண்டும்,
பக்கம் மாற்றி, ஒவ்வொரு கண்ணாக.
விடிவதற்குள் மண்டுவின் புருவம் நரைத்திருந்தது.
அவனுக்கு வயது இருபத்திரண்டு.

இருபத்தொரு கிலோ இருநூற்று இருபத்திரண்டு.
கழித்துக் காட்டினேன்.
"அந்த அறுநூத்திச் சொச்சத்தக் காட்டுங்க" என்றார்.
எரிந்தது போக
பையில் மிஞ்சியது நானூறுதான்.
உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்,
கடையில் பருப்பின் எடையைச் சந்தேகிப்பவர் போல.
"இவ்வளவுதானா" என்றாரா
"இவ்வளவா" என்றாரா,
கம்ப்ரசர் சத்தத்தில் பிடிபடவில்லை.

வண்டியைக் கிளப்பி
புகைக்குழாயில் தோள்துண்டைப் பிடித்தார்.
கொஞ்சம் ஈரம். அவ்வளவே.
உதறி, திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு
தும்கூர் ரோட்டுக் கூட்டத்துக்குள் மூக்கை நுழைத்தார்.
எல்லா வண்டிகளின் புகையும் அங்கே இருந்தது.

பின்கட்டில் சாம்பல் மூட்டைகள் பதினேழு.
எடுத்துப்போகும் வண்டி
இரண்டு மாதமாக வரவில்லை.
காற்று மேற்கிலிருந்து அடிக்கத் தொடங்கியது.
பதினெட்டாவதின் வாயைக் கட்டினேன்.
அவிழ்த்து
இன்னும் இறுக்கிக் கட்டினேன்.