வரிசை 2316

இருபத்தாறு ஆண்டுகள்
ஆண்டறிக்கைகளைப் பின்பக்கத்திலிருந்தே படித்தேன்.
முன்பக்கத்தில் தலைவர் சிரிப்பார்,
அந்தச் சிரிப்பை யாரும் தணிக்கை செய்வதில்லை.
அடிக்குறிப்புகளில்தான்
நிறுவனங்கள் முணுமுணுக்கும்.
எழுத்து பொடியாகப் பொடியாக
காதை அருகே கொண்டுபோங்கள் என்பேன் முதல் வகுப்பில்.
மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள்,
தேர்வில் திருப்பித் தருவார்கள்.

என் பெயரில் ஓர் அட்டவணை இருக்கிறது.
நாலாயிரத்துச் சொச்சம் வரிசை.
இயக்குநர் சுயேச்சையானவரா?
ஆம் என்றால் ஒன்று, இல்லையென்றால் சுழி.
அந்த ஒன்றையும் சுழியையும் அடுக்கித்தான்
பேராசிரியர் ஆனேன்,
பெர்கனில் மழையைப் பார்க்க ஒரு ஜன்னல் வாங்கினேன்,
லிஸ்பன் மாநாட்டுக்கு மூன்று முறை போனேன்.

பிறகு குட்முண்ட் ஹோவ்லான்ட் தொலைபேசியில் அழைத்தார்.
ஸ்குல்வோக் சால்மன் நிறுவனத்துக்கு
"உங்களைப் போல் ஒருவர்" வேண்டுமாம்.
பங்கு இல்லாத, உறவு இல்லாத,
கடலில் கால் நனைக்காத ஒருவர்.
சரி என்றேன்.
ஏட்டுச் சுரைக்காய் ஒருமுறையாவது
கறிச் சட்டியைப் பார்க்கட்டுமே.

உயிருள்ள மீனுக்கு விலை போடத் தெரியுமா உங்களுக்கு?
வலைக்கூண்டில் நீந்தும்போதே
அதன் எடை கூடினால் லாபம்.
பிடிக்க வேண்டாம், விற்க வேண்டாம்,
அது தின்றால் போதும்.
கேலி இல்லை, விதி அப்படி.
தலைவிதி அல்ல, கணக்கியல் விதி.
அதைப் பற்றி நானே இரண்டு கட்டுரை எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரிக் கூட்டம்.
வாஃபிள், பழுப்புப் பாலாடைக்கட்டி, ஆறிய காபி.
குறிப்பு பதினான்கு:
பதினோரு லட்சத்து நாற்பதாயிரம் மீன்.
முந்தைய காலாண்டிலும் அதே எண்.
இலையுதிர் காலம் முழுக்க
ஒரு மீன்கூடச் சாகாத கடல்.

தணிக்கையாளர் ஒட்பியோர்ன்
பேனாவை மூடினார், திறந்தார்.
"கேள்வி உண்டா?" என்றார் குட்முண்ட்.
இருந்தது.
நுனி நாக்கில் வந்து உட்கார்ந்திருந்தது.
மூன்று நாற்பதுக்குப் படகு.
விட்டால் அடுத்தது ஏழு மணிக்கு.
மாலை ஆறரைக்குப் பல்கலைக்கழகத்தில் என் உரை,
தலைப்பு: இயக்குநர்களின் சுயேச்சை.

கை தூக்கினேன்.
கூட்டத்தோடு கூட்டமாய் அதுவும் திரும்பியது,
சால்மன்கள் திரும்புவதைப் போல.

ஜூனில் வங்கி ஆட்கள் வந்து எண்ணினார்கள்.
கூண்டில் வேலை பார்த்த ஷார்டான் சொன்னாராம்:
"செத்ததையெல்லாம் நவம்பரிலேயே
தொட்டி தொட்டியாய் ஏற்றி அனுப்பினோமே.
யாரும் கேட்கவில்லை."
எழுபது பேருக்கு வேலை போயிற்று. அவருக்கும்.
எனக்கு ஒரு கடிதம் வந்தது,
கவனக்குறைவுக்குச் சான்று இல்லை என்று.
அதை எந்தக் கோப்பில் வைப்பது என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.

இந்த வாரம் அட்டவணையைப் புதுப்பிக்கிறோம்.
ஆய்வு உதவியாளர் மெரெத்தெயிடமிருந்து ஒரே வரி:
"2316, ஸ்குல்வோக். ஒன்றா, சுழியா?"
தெரிந்துதான் கேட்டாளா, தெரியவில்லை.

நானே வகுத்த வரையறையை எடுத்து வைத்தேன்.
பங்கு: இல்லை.
உறவு: இல்லை.
மூன்றாண்டுகளில் வேறு ஊதியம்: இல்லை.
ஒன்று.
வேறு எதையும் போட எனக்கே உரிமை இல்லை.

வலக்கோடியில் 'பிற குறிப்புகள்' என்று ஒரு பத்தி,
ஆரம்ப நாளிலிருந்து காலி.
அதில் 'படகு' என்று எழுதி அனுப்பினேன்.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது:
"மென்பொருள் எழுத்துகளைத் தாண்டிப் போய்விடும்.
படகுக்கு என்ன எண் கொடுக்கட்டும்?"