நபர் ஒன்று, ஊர் சில்சார்

207-இன் சாவியோடு ஒரு தொட்டியையும்
கவுண்டரில் வைத்தாள் மிதாலி.
சில்சாரிலிருந்து மூன்று ராத்திரி
ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்ததாம்,
வீட்டில் தண்ணீர் ஊற்ற ஆளில்லையென்று.
இலைமேல் மீன்முள் வரைந்தாற்போல் கோடுகள்.
புரட்டினால் அடியில் நாவல்பழக் கறை.

ஆறு மாசம் கழித்து ரிவ்யூ. அதுவரைக்கும் நான்.

அவளிடம் இருந்தது ஆஸ்பத்திரித் தமிழ்:
வலி, பசி, தூக்கம், டோக்கன், நாளைக்கு.
அதை வைத்துக்கொண்டுதான் சொல்லிக் கொடுத்தாள்.
வெயிலைக் காட்டி, வேணாம்.
குழாயைக் காட்டி, வலி.

எனக்குப் புரியவில்லை.
கீசரையே தின்கிற வேலூர் உப்புத்தண்ணீரை
ஒரு வாரம் ஊற்றினேன்.
ஓரமெல்லாம் பீடி நெருப்பு பட்டதுபோல் கருகியது.
கேன் தண்ணீர் வாங்கலாமென்றால்
முதலாளி சிராஜுதீன் பாய் கணக்கில் கெட்டி.
ரூம் பாய் இம்தியாஸ்தான் சொன்னான்,
"ஏசி சொட்ற தண்ணில உப்பே இல்லண்ணா."

பின்சந்தில் இரண்டு மாடிக் குழாய்களுக்கும் அடியில்
ஒரு பெயிண்ட் வாளி.
சுவருக்கு அந்தப் பக்கம்
யாரோ தையல் பிரிக்கக் காத்திருந்தார்கள்,
யாரோ ரிப்போர்ட்டுக்கு.
அவர்கள் நாள்வாடகைக்கு எடுத்த குளிர்
சொட்டுச் சொட்டாக இங்கே வந்தது.

காலியான அறையின் பாத்ரூமில் வைப்பேன்.
ஆள் வந்தால் அடுத்த அறைக்கு.
விளையாட்டாக லெட்ஜரிலும் எழுதினேன்:
நபர் ஒன்று, ஊர் சில்சார்,
வந்த காரணம் என்ற இடத்தில் ஒரு கோடு.

முதல் நாள் இருட்டியதும்
இலைகள் எல்லாம் எழுந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.
பதறிப்போய் படம் எடுத்து அனுப்பினேன்.
பதில் வந்தது, ஒரே வார்த்தை:
தூக்கம்.
அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஒரு படம்.

கத்திரி வெயில். பகலெல்லாம் குடித்த சூட்டை
மலைப்பாறைகள் ராத்திரியில் நம்மேல் துப்பும்.
ஈரத் துண்டுகளைச் சுற்றிலும் கட்டி வைத்தேன்.
அக்கா மகளுக்குக் காதுகுத்து, போளூர், இரண்டே நாள்.
டிரான்ஸ்பார்மர் வெடித்ததும் அந்த இரண்டு நாளில்தான்.
ஏசி இல்லை, சொட்டு இல்லை, வாளி காய்ந்துவிட்டது.
வாசலிலேயே நின்றான் இம்தியாஸ்,
"அது போய்ட்ச்சிண்ணா."
பழைய ஸ்கேன் பிலிம்போல
இலைகள் சுருண்டு கிடந்தன.

காட்பாடி ரோடு முழுக்க அலைந்து
சத்துவாச்சாரியில் ஒன்று கிடைத்தது.
அதே தொட்டி, அதே மூலை, அதே வெள்ளிக்கிழமை.
'புது இலை. சந்தோஷம்' என்று
எங்கோ மாற்றி எடுத்த தமிழில் பதில்.
போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஐப்பசியில் வந்தார்கள்.
நிர்மலேந்துவின் சட்டைக்குள்
இன்னொரு ஆளுக்கு இடமிருந்தது.
ஓர் இலையைப் புரட்டினார், இன்னொன்றைப் புரட்டினார்,
தேடியது கிடைத்ததா தெரியவில்லை,
படியேறிப் போனார்.

ஆதார் நகலை நீட்டியபடி மிதாலி
குரலைத் தாழ்த்தினாள்.
அவர் வாங்கினது... போச்சு. அவர் வார்டுல.
நான் கொண்டுவந்தது ரெண்டாவது.
உதட்டில் விரல்.
எனக்கு என்ன தோன்றியதோ,
மூன்று விரலைக் காட்டினேன்.
நகல்கள் தரையெல்லாம் சிதற
அவள் சிரித்த சிரிப்புக்கு
டோக்கனோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் விடியுமுன் பின்சந்தில் வாளிச் சத்தம்.
தொட்டி முன்னால் குந்தியிருந்தார்,
கையில் மக்.
"எவ்வளவு?" என்றார் இந்தியில்.
அரை மக் என்றேன்.
இல்லையென்று தலையாட்டி
செடியைத் தொட்டுக் காட்டினார்.

மாடி ஜன்னலை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.
முந்நூற்றைம்பது.

"அதிகம்," என்றார்.
"சில்சாரில் நூற்றிருபதுக்குக் கிடைக்கும்."
பிறகு மண்ணில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு
அரை மக் ஊற்றினார்.