மிச்சச் சூடு

சொகோரோவுக்குத் தெற்கே, சோதனைத் திடலில்
காலை ஆறரைக்கே காற்று மணலைக் கிளப்பிவிட்டது.
எல்ஃபீகோ அபோடாகா முதுகுப்பையை மாட்டிக்கொண்டு
ஒட்டகம் போல இரண்டு தவணையில் எழுந்தான்.
நாற்பத்தொரு கிலோ.
பதினாறு மின்கலம்,
பதினெட்டு குளிர்நீரும் குழாயும்,
மீதி ஏழில்தான் ஒளி குடியிருந்தது.

கையில் பிடிக்கும் பாகம் மட்டும் அழகு.
கர்னல் ராஸ்மசன் அதைத்தான் படமெடுத்தார்,
பை சட்டத்துக்குள் வராதபடி
ஓரடி முன்னே நகர்ந்து.

கணக்கு எளிது. அதனால்தான் ஒருவரும் நம்புவதில்லை.
மூன்று பங்கு மின்சாரம் ஊற்றினால்
ஒரு பங்கு ஒளியாகிப் போகிறது.
மற்ற இரண்டும் எங்கேயும் போவதில்லை,
சுமப்பவன் முதுகிலேயே தங்கிவிடுகின்றன.
எதிரியை ஒரு பங்கு சுட
தன்னை இரு பங்கு சுட்டுக்கொள்ள வேண்டும்.
இதை நான் அறிக்கையில்
நாலு பக்கம் வரைபடத்தோடு எழுதியிருக்கிறேன்.

இலக்கு: கசாப்புக்கடையில் வாங்கிய
பன்றித் தோள் ஒன்று.
டெனிம் சட்டை போர்த்தி, கம்பத்தில் கட்டி,
நூறு மீட்டரில்.

எல்ஃபீகோ மூச்சைப் பிடித்தான்.
மூச்சைப் பிடித்தாலும் இதயத்தைப் பிடிக்க முடியாதே.
ஒவ்வொரு துடிப்புக்கும் புள்ளி
ஒரு சாண் அலைந்தது.
சட்டை புகைந்தது. புகை எழுந்து
வரும் ஒளியைத் தானே தின்றது.
அதற்குள் எந்தப் பன்றியும்
கம்பத்தையும் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கும்.
ஐந்தாம் நொடியில் பையின் விசிறி அலறி
எல்லாம் தானாக அணைந்தது.

போய்ப் பார்த்தோம்.
ஒரு காசளவு கருகல். உள்ளே பச்சைக் கறி.

"தோட்டாவுக்கு இதைவிடக் குறைந்த ஆற்றல்தானே?" என்றார் கர்னல்.
ஆமாம். ஆனால் தோட்டா கிழிக்கிறது,
நாங்கள் கொதிக்க வைக்கிறோம்.
சதை பெரும்பாலும் தண்ணீர், ஐயா.
ஒரு தோட்டாவின் மொத்த ஆவேசமும்
ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்கத்தான் காணும்.

அவர் தொப்பியைக் கழற்றித் தூசி தட்டினார்.
"அப்படியானால் கையில் எடுத்துப் போகிற அளவில்
இது எதைத்தான் செய்யும்?"

நான் பதில் சொல்லவில்லை.
எல்ஃபீகோவும் சொல்லவில்லை.
குழாய்க்குள் தண்ணீர் இன்னும் களகளத்தது.

போன மார்ச்சில், மேசைமேல்,
பேனா அளவுச் சாதனம்.
கண்ணுக்குத் தெரியாத நிறம்.
யாரோ வைத்துவிட்டுப் போன திருகுப்புரியின் பளபளப்பில்
ஒரு துளி திரும்பிவிட்டது.
சத்தமில்லை, வலியில்லை.
கண்ணாடியைத் துடைக்கக் கழற்றியிருந்தான், அவ்வளவுதான்.
அதற்குப் பையே தேவைப்படவில்லை.
குளிர்நீர் தேவைப்படவில்லை.
மிச்சச் சூடென்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

குருடாக்குவதற்கென்றே ஒளியாயுதம் செய்யக்கூடாதென்று
நாடுகள் கூடிக் கையெழுத்திட்டிருக்கின்றன.
முடியாததை யாரும் தடை செய்வதில்லை.

படிவத்தில் இரண்டு கட்டங்கள்:
தொழில்நுட்பரீதியாகச் சாத்தியம், சாத்தியமில்லை.
நான் இரண்டாவதில் குறியிட்டேன்.
எடை, வெப்பம், நடுக்கம், புகை என்று காரணம் எழுதினேன்.
பேனா பற்றி எழுதவில்லை.
எழுதாதது பொய்யா என்று
இன்றுவரை முடிவுக்கு வரவில்லை.

மாலையில் எல்ஃபீகோவின் மைத்துனி
சுடாத பக்கத்தைச் சிவப்பு மிளகாயில் வேகவைத்திருந்தாள்.
கர்னல் இரண்டு முறை கேட்டு வாங்கினார்.
நல்ல மனிதர்; பெண் பல் மருத்துவம் படிக்கிறாளாம்.

வாசலில் நின்றால் வடக்கே லாட்ரோன் சிகரம்.
ஸ்பானிய மொழியில் லாட்ரோன் என்றால் திருடன்.
எல்ஃபீகோ வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு
அந்தப் பக்கம் பார்த்தான்.
"இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"மலையைக் காணோம்.
கறுப்பாகக்கூட இல்லை.
அந்த இடத்தில் வானத்தை ஒட்டுப்போட்டிருக்கிறார்கள்,
தையல் தெரியாமல்."