பூட்டு

மருந்து எதுவாயினும்
பூட்டிய அலமாரியில், என்கிறது சுற்றறிக்கை.
சாவி என் இடுப்பில்.
புதுவயலில் அரிசி ஆலை ஓடும் நாளெல்லாம்
உமித்தூசு எந்த ஜன்னலிலும் அனுமதி கேட்பதில்லை.

ஒன்பது ஆ, தேன்மலர்.
மூச்சு விசிலடிக்க
இரண்டு மாடி இறங்கி, மைதானம் கடந்து
என் அறைக்கு வந்திருக்கிறாள்.
நான் காரைக்குடியில்,
மாணவர் நலப் பயிற்சியில்,
கையில் சமோசா.

பி.டி. சார் சுத்தியலோடு நின்றாராம்,
உடைத்தால் யார் பொறுப்பு என்று
எல்லோரையும் கேட்டுக்கொண்டு.
அந்த வரி சுற்றறிக்கையில் இல்லை.

பிழைத்தாள். ஆட்டோக்காரர் புண்ணியம்.

மருந்தைப் பிள்ளையே வைத்துக்கொள்ள
ஒரு படிவம் உண்டு. பெற்றோர் கையொப்பம் வேண்டும்.
அப்பா ஜொகூரில்.
அம்மாவுக்கு நெல் அவிக்கும் இரவு ஷிப்ட்.
கொதிகலன் வாசலில் காத்திருந்து
பெருவிரலை வாங்கிக்கொண்டேன்.
ரேகையில் தவிடு.

இன்று ஆய்வு.
இன்ஹேலர் ஒன்று குறைகிறதே, என்கிறார் அதிகாரி.
இருக்கிறது சார்,
அவள் ஜாமெட்ரி பெட்டியில்,
காம்பஸுக்கும் பாகைமானிக்கும் நடுவே.

பூட்டா?
மூடியே சரியாக மூடாது.
ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறாள்.