நான்காய் அறுத்த புத்தகம்

ஹாத்துனாவின் ரொட்டிக் கத்தியால்தான் அறுத்தோம்.
அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
முதுகில் பசை காய்ந்த இடம்
கொஞ்சம் முரண்டு பிடித்தது,
பிறகு நேற்றைய ரொட்டி போலப் பிளந்துகொடுத்தது.

திபிலிசி முழுக்க அந்த வருடம்
அதைத்தான் படித்தது.
மெட்ரோவில் எதிர் இருக்கையில்
ஐந்து முகங்கள் இருக்கவேண்டிய இடத்தில்
ஐந்து மஞ்சள் அட்டைகள்.
ஒரு பிரதிக்குத்தான் காசிருந்தது என்று
கேட்பவர்களிடம் சொல்வேன். பொய்.
காசு புரண்டிருக்கும். நேரம்தான் புரளவில்லை.
ஆளுக்கொன்று வாங்கி
ஆளுக்கொரு அலமாரியில் தூங்கவிடுவானேன்
என்றாள் ஹாத்துனா.

சீட்டுப் போட்டோம்.
முதல் பாகம் அவளுக்கே.
விடியுமுன், அடுப்புச் சுவரில் அறைந்த மாவு
சிவக்கிற சில நிமிடம்
நின்றபடியே படிப்பாள்.
தெருவே கருகல் ரொட்டி தின்றால்
நல்ல அத்தியாயம் என்று அர்த்தம்.

இரண்டாவது, நானூலிக்கு.
எலும்பு முறிவு வார்டில் இரவு நர்ஸ்.
மூன்றாவது, ஸாஸாவுக்கு.
அவனுக்கு இரட்டைப் பிள்ளைகள்,
ஒன்று கண்ணயர்ந்தால் ஒன்று விழிக்கும்.
குளியலறையைத் தாழிட்டு
குழாயைத் திறந்துவிட்டுப் படிப்பான்,
குளிக்கிறான் என்று வீடு நம்பும்படி.

கடைசி பாகம் எனக்கு.
நான் லிஃப்ட் மெக்கானிக்.
காசு போட்டால் ஏறுகிற பழைய பெட்டிகள்.
எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நிறுத்தி
டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொள்வேன்.
கீழிருந்து குரல் வரும்:
இன்னுமா சரியாகல?
வேலை நடக்குது என்று கத்துவேன்,
டார்ச் வாயோடு. யாருக்கும் புரியாது.

அப்படித்தான் எனக்குக் கதை
ஒரு சவ அடக்கத்தில் ஆரம்பித்தது.
யாரென்றே தெரியாத ஒருத்திக்காக
எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில்
அழுதேன்.

நானூலிக்கு ஓய்வு விழும் ஞாயிறுகளில்
ஸாஸாவின் சமையலறையில் கூடுவோம்.
செத்தது யாரென்று சொன்னா கொன்னுடுவேன்!
மூன்று பேரும் காதைப் பொத்திக்கொள்வார்கள்.
அந்த மாமியாரைத் தாங்க முடியல,
எப்பப் பாரு ஒப்பாரி, என்றேன்.
அவளா? என் பாகத்தில்
மேசைமேல ஏறி ஆடுறாளே, என்றான் ஸாஸா.
இந்த மாதிரிப் புத்தகமெல்லாம் விளம்பரம்,
எல்லாரும் படிச்சா நல்ல புத்தகமா?
உதட்டைச் சுழித்தாள் நானூலி.
எல்லாரும் திங்கிறதால ரொட்டி கெட்டதா?
ஹாத்துனா கோபத்தில்
அவளுக்கு மட்டும் ஒயின் ஊற்றவில்லை.

மூன்றாம் ஞாயிறு
நானூலி வெறுங்கையோடு வந்தாள்.
கால் முறிந்த லாரி டிரைவர், குத்தாயிசிக்காரர்,
தூக்கமில்லாமல் புலம்பியவரிடம்
ஒரு ராத்திரிக்கென்று கொடுத்தாளாம்.
அவள் விடுப்பில் இருந்த நாளில்
கட்டும் கோலும் புத்தகமுமாய்
வீட்டுக்குப் போய்விட்டார்.

நீ படிச்சதையாவது சொல்லேன் என்றோம்.
நெற்றியைத் தேய்த்தாள்.
பாதி படித்தாளாம், பாதி
நாற்காலியில் தூங்கிக் கனவு கண்டாளாம்,
எது எதென்று பிரிக்கத் தெரியவில்லை.
ஒரு குதிரை வருது. இல்ல,
குதிரை என்னுதுன்னு நினைக்கிறேன்.

குளிர்காலம் முழுக்க
நூற்று ஐம்பத்து மூன்று பக்கத்தை
நாங்களே இட்டு நிரப்பினோம்.
ஸாஸாவின் கதையில் மாமியாருக்கு ஒரு காதலன்.
ஹாத்துனாவின் கதையில் வெறும் கடன்.
கடைகளில் விலை பாதியானது;
அப்போதும் யாரும் இன்னொன்று வாங்கவில்லை.
ஏனென்று கேட்டால் தெரியாது.

மார்ச்சில், மினிபஸ் கோச்சா கையில்
ஒரு பொட்டலம் வந்தது.
புளிப்புப் பிளம்ஸ் சாஸ் ஒரு ஜாடி,
இரண்டாம் பாகம்,
கடைசிப் பக்கத்து ஓரத்தில் பென்சில் எழுத்து:
மீதி எங்கே? கோச்சா திங்கள்தோறும் வருவான். குராம்.

குதிரை இருந்தது. நூற்றுத் தொண்ணூறாம் பக்கம்.

திங்கட்கிழமை மூன்றாம் பாகத்தை அனுப்பினோம்.
ஸாஸாவின் குழாய் தெறித்துத் தெறித்து
பக்கமெல்லாம் உப்பி, மை கரைந்திருந்தது.
பாவம் குராம்,
யாரோ விழுந்து விழுந்து அழுதிருக்கிறார்கள்
என்று நினைத்துக்கொள்வார்.
அழுதவன் நான்.
அது வேறு பாகம்.