கல் கழிவு

சொறிமீன் பட்டிருக்கும் என்றாள் பிலோமினா.
வலது தோளில், பாசிப்பையின் கயிறு
இழுத்து இழுத்துக் காய்த்துப்போன இடத்தில்
ஒரு கொப்புளம்.
இளஞ்சிவப்பு. நுங்குத் தோல்போல மெலிசு.
சொறி எனக்குத் தெரியாதா?
சொறி எரியும். இது எரியவில்லை.
தண்ணீர்தானே என்று அழுத்தினால்
தண்ணீருக்கு அடியில் கல்.

பத்து நாள் சுண்ணாம்பு தடவினேன்.
பிறகு, நீரோட்டம் கலங்கி
கடலுக்குப் போகாத நாட்களில் ஒன்றை எடுத்து
பாம்பனில் பஸ் ஏறினேன்.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி. தோல் டாக்டர் சின்னப் பெண்.
டார்ச்சைத் தோளில் ஒட்டவைத்துப் பார்த்தாள்,
இன்னொருவரைக் கூப்பிட்டாள். அவர் இன்னும் இருவரை.
முகம் வராமல் போனில் படம் எடுத்தார்கள்.
அபூர்வம்மா இது, என்றாள்.
நாற்பத்து மூன்று வருஷத்தில்
என்னிடம் இருக்கும் ஒன்றை
யாரும் அப்படிச் சொன்னதில்லை.

மரப்பு ஊசி போட்டு அறுத்தார்கள்.
வலி இல்லை, சத்தம் கேட்டது:
காலில் கட்டிய அலுமினியத் தகடு
பார்மேல் உரசுகிற அதே சத்தம்.

பாட்டிலில் மதுரைக்குப் போனது. பதினெட்டு நாள்.
புண்ணில் உப்புத்தண்ணி படக்கூடாது.
பிலோமினா கொண்டுவந்த மரிக்கொழுந்தை
மணலில் காயவைத்துப் புரட்டினேன்.
அந்த நோயின் பேரை வீட்டில் யாரும் சொல்லவில்லை.
'அதுவா இருக்காது' என்றார் வீட்டுக்காரர்,
சோறு போடும்போது, சும்மா இருக்கும்போது,
ஒருமுறை தூக்கத்திலும்.

அது இல்லை.
முடிவேரில் வந்த கட்டியாம். கெட்டது இல்லை.
முடியாகப் போன வழியில் கல்லாகிவிட்டது.
உள்ளே செல்லெல்லாம் வெறும் நிழல்,
கோடு இருக்கிறது, நடுப்பொட்டு இல்லை.
இது பலருக்கு வருவதுதான்,
மேலே நீர் கோத்துக் கொப்புளம் கட்டியதுதான் அபூர்வம்.
கயிறு உரசியதால் இருக்கலாம், என்றாள். இருக்கலாம்.

முடியும் ஆகாமல், முடிந்தும் போகாமல்
எத்தனை வருஷம் கூடவே முங்கி எழுந்ததோ.

கல்லைக் கேட்டேன்.
மெழுகில் பதித்துச் சீவிவிட்டார்களாம்,
தாளைவிட மெலிசாக.
முத்து என்று நினைத்தியா, என்று சிரித்தாள் பிலோமினா.
முத்துக்கு விலை உண்டு. நான் பார்க்கத்தான் கேட்டேன்.

இன்று முதல் நாள் கடல்.
அசனாலி அண்ணன் தராசில்
பைக்கு ஒன்றரைக் கிலோ கழிக்கிறார்,
பாசியோடு ஒட்டிவரும் கல்லுக்கு.
எப்போதும் கழிப்பதுதான்.
'எங்கிட்ட கல் இல்லண்ணே, எடுத்தாச்சு' என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.
கழித்தார்.
வெறும் பையை இடது தோளில் மாட்டிக்கொண்டேன்.