கடைசியாகப் புதுப்பித்த நாள்

சத்துவாச்சாரி அலுவலகத்தில்
என்னைவிட என் பதவிப் பெயர் நீளம்:
மண்டல இணையதள மேலாளர்.
டெண்டர் ஏற்றுவேன்.
மாற்றலாகிப் போன பொறியாளரின் படத்தை இறக்குவேன்.
முகப்பில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடும்,
யாரோ எப்போதோ எடுத்தது.

மே மாதம். ஏசி சர்வருக்கு மட்டும்.
குடிநீர்ப் புகார் எண்ணை
ஒப்புக்குச் சரிபார்த்தபோது தெரிந்தது,
கடைசி இலக்கம் மூன்றில்லை, எட்டு.
நாலு வருஷம் முன்னால் நான் தட்டியதுதான்.

எட்டைக் கூப்பிட்டேன்.
பின்னால் தையல் மிஷின் ஓடியது.
பேரணாம்பட்டில் ஷூ மேல்தோல் தைக்கிற ஜைத்தூன்.

மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள்
“எந்தத் தெரு?
எத்தனை நாளா வரலை?”

நோட்டு போட்டிருக்கிறாள், இது மூணாவது.
காட்பாடியில் வால்வு திறக்கிற வரதன் நம்பர்,
அவர் எடுக்காவிட்டால் அவர் மச்சான் நம்பர்,
குடியாத்தத்தில் லாரிக்கு யாரைப் பிடிப்பது.
“மொதல்ல ராங் நம்பர்னுதான் சொன்னேன் சார்.
ஒருநாள் ஒரு பொம்பள, பின்னால கொழந்த அழுவுது.
எப்படி வைக்கிறது?”

சாயங்காலம் எட்டை மூன்றாக்கினேன்.
பக்கத்தின் அடியில் தேதி தானே மாறிக்கொண்டது.
சரியான எண்ணை அடித்துப் பார்த்தேன்.
அடுத்த அறையில் மணி கேட்டது.
பூட்டிய அறை.
முழுசாக அடித்து ஓய்ந்தது.

சாவி வாங்கி, ஒயரைக் கதவடியில் இழுத்து,
போனை என் மேசைக்குக் கொண்டுவந்தபின்
ஸ்டோருக்கு எழுதினேன்:
நோட்டு, நீளமானது, கோடு போட்டது. ஒன்று.
அடித்துவிட்டு
மூன்று என்று திருத்தினேன்.